ஆறு கைகளும் மூன்று பிள்ளைகளும்

“மூணு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டா? சிங்கப்பூருக்கா? உங்களுக்கு வேற வேலை இல்லையா?”

சங்கத்து விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி கேட்ட கேள்வி இது. கடிக்கப் போன அப்பளத்தை மறுபடி இலையில் வைத்துவிட்டுக் கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அன்று சாம்பார் சாதத்துக்கும் ரச சாதத்துக்கும் நடுவில் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. அதன்பிறகு சங்கத்து அன்பர்கள் இரண்டு மூன்று பேர் தனித்தனியே விசாரித்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு மூன்று குழந்தைகள். 2025 மே மாதம் நாங்கள் புறப்பட்டபோது பெரியவளுக்கு ஒன்பது வயது, நடுவனுக்கு ஆறு, கடைக்குட்டிக்கு ஒன்றரை தாண்டி ஒரு மாதம். முலுண்டில் இருக்கும் நம்மவர்களுக்கு மே மாதம் என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், புளியோதரை, ஒரு பகல் ஒரு இரவு தாண்டியும் தீராத பயணம், திருநெல்வேலியில் இறங்கினால் வெயில். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் விடுமுறை முழுவதும் ஊருக்கே போயிருக்கிறது. குலதெய்வக் கோவில் கொடை அந்தச் சமயத்தில்தான் வரும். ஒரு வருஷமாவது பிள்ளைகளுக்கு வேறு ஒரு நாட்டைக் காட்ட வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. அப்படியானால் கொடையை விட வேண்டும். அதுதான் வீட்டில் பெரிய சண்டை.

“பிள்ளையள ஊருக்குக் கூட்டிட்டுப் போகாம எந்த ஊருக்குலே கூட்டிட்டுப் போற?” என்றார் ஆச்சி. ஆச்சி என்றால் என் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுவேன், பிள்ளைகளுக்கு ஆச்சி. இந்தக் கட்டுரையில் ஆச்சி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், வீட்டில் அந்தப் பெயரில்தான் எல்லாக் காரியமும் நடக்கிறது.

ஆச்சியைச் சம்மதிக்க வைத்தது என் கணவரின் பேச்சு அல்ல, ஒரு கணக்கு. நானும் அவரும் சேர்ந்தால் நான்கு கைகள். பெட்டி ஒரு கை, பாஸ்போர்ட் பை ஒரு கை. மீதி இரண்டு கை, மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிள்ளையை யார் பிடிப்பது? இரண்டு குழந்தைகள் வரை பெற்றோர் சமாளித்துவிடலாம். மூன்றாவது வந்ததும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெரியவர்களை மிஞ்சிவிடுகிறது. அதனால் கூட ஒரு பெரியவர் வராமல் வெளிநாடு போவது என் மட்டில் நடக்காத காரியம். இதை ஆச்சியிடம் சொன்னதும், “அப்ப நான் வாரேன். பிள்ளைய யார்கிட்ட விடுவிய?” என்றார். கொடைக்குக் காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார். முடிந்தது.

ஆச்சியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மாமனார் காலமான பிறகு எங்களோடு வந்தவர், முலுண்டுக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இந்தி வராது, மராத்தி வராது. ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டில் கொத்தமல்லி வாங்க வேண்டுமானால்கூட நடுவனைக் கூட்டிக்கொண்டு போவார், அவன்தான் மொழிபெயர்ப்பாளர். “கித்னா” என்று ஆச்சி கேட்பதைப் பிள்ளைகள் இரண்டு பேரும் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். நான் அதட்டுவேன், ஆச்சியும் சேர்ந்து சிரிப்பார். ஊரில் தனியாகப் பஸ் ஏறித் தென்காசிவரை போய் வந்தவர், இங்கே தானேவரைகூடத் தனியாகப் போனதில்லை.

பாஸ்போர்ட் படலம்

ஒரு காலத்தில் அப்பா அம்மா பாஸ்போர்ட்டிலேயே குழந்தையின் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட், தனி விசா. குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். தாய் தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் படிவம் வேண்டும். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நாமே கொண்டு போக வேண்டும். மற்றவர்களை அங்கேயே படம் எடுத்துக்கொள்கிறார்கள். கடைக்குட்டியை வெள்ளைப் போர்வையில் படுக்க வைத்து, மேலே நாற்காலியில் ஏறி நின்று என் கணவர் எடுத்த படங்கள் நாற்பது இருக்கும். அதில் ஒன்றில்தான் இரண்டு கண்ணும் திறந்திருந்தது! எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் அறுபது தாண்டியவர்களுக்கும் புதுப் பாஸ்போர்ட் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு என்பது எங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஒரு சின்ன ஆறுதல்.

பிறப்புச் சான்றிதழைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தை என்றால், பிறந்த தேதிக்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. வேறு எதுவும் செல்லாது. அதை வாங்கியவுடன் பெயரை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். நம்மவர்கள் ‘த’ என்ற எழுத்துக்கு ஆங்கிலத்தில் ‘டி’யும் ‘ஹெச்’சும் சேர்த்துப் போடுவோம். மராத்தி, குஜராத்திக்காரர்கள் ‘டி’ மட்டும் போடுவார்கள். நம்ம ஊர் கீதாவும் இந்த ஊர் கீதாவும் ஆங்கிலத்தில் வேறு வேறு ஆள்! எங்கள் பெரியவளின் பெயரில் வரும் ‘த’ பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பள்ளிக்கூடத்தில் ஒரு விதமாகவும் ஒன்பது வருஷமாக இருந்திருக்கிறது. பார்க்காமல் விட்டது நாங்கள்தான். திருத்தி வாங்க ஒரு மாதம் போயிற்று.

அடுத்தது குடும்பப் பெயர். இந்த விஷயத்தில் தமிழன் படுகிற பாட்டை யாரும் படுவதில்லை. படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு இருப்பது தலையெழுத்து, அதாவது இனிஷியல்! அதை விரித்து அப்பா பெயரைப் போடுகிறோம். என் கணவருக்கு அவர் அப்பா பெயர், பிள்ளைகளுக்கு என் கணவர் பெயர், எனக்கு என் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள்! ஆச்சிக்கு ஆதாரில் ஒற்றைப் பெயர்தான் இருந்தது. முதலில் துபாய் போகலாம் என்று நினைத்திருந்தோம், மூன்று மணி நேரப் பயணம்தானே என்று. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு சொல் மட்டும் பெயராக உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று சொல்லிவிட்டன; தகப்பனார் பெயர் உள்ளே அச்சாகியிருந்தால் ஏற்போம் என்று பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள். டிராவல் ஏஜென்ட் இதைச் சொன்னதும் உஷாராகி, ஆச்சியின் விண்ணப்பத்தில் மாமனார் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டோம். ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியபோது ஒருநாளும் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர், தானேயில் உள்ள பாஸ்போர்ட் சேவா மையத்தில் அந்தப் பெயரோடு சேர்த்துத் தன்னைக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவே இல்லை. வேறு யாரையோ என்று நினைத்துவிட்டார்.

வாசகர்களுக்கு ஒரு யோசனை: குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களைப் பாஸ்போர்ட்டுடனேயே வையுங்கள். அம்மாவின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் ஒட்டாமல் இருந்தால், “இவர்கள் உங்கள் குழந்தைகளா?” என்று யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார். கணவர் கப்பலிலோ கல்ஃபிலோ இருக்க, மனைவி மட்டும் குழந்தைகளோடு போவதானால், கணவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் கையில் இருப்பது நல்லது.

துபாயை விட்டு ஏன் சிங்கப்பூர் என்றால், மே மாத வெயிலில் துபாய் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு விசா வேண்டாம் என்று அறிவித்தது, அதையும் யோசித்தோம். சிங்கப்பூருக்கு விசா உண்டு. தலைக்கு முப்பது வெள்ளி, கைக்குழந்தைக்கும் அதே முப்பது வெள்ளி. (டாலரை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ஆச்சிக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துப்போயிற்று.) ஆனாலும் ஊர் சின்னது, குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், குழந்தைக்கு ஒன்று என்றால் பேச ஆள் உண்டு என்று அதையே முடிவு செய்தோம். விசா விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன. கிளம்பும் முன் நீங்களே ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆளுக்கு ஒரு வருகைப் படிவத்தையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்கும் காசு கேட்கிற போலித் தளங்கள் இருக்கின்றன, ஏமாறாதீர்கள்.

பெட்டியில் போகக் கூடாதவை

நான் ஊரிலிருந்து வந்த சாமான்களை எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். டிராவல் ஏஜென்ட் ஒரு வார்த்தை கேட்டார்: “மசாலாப் பொடியில் கசகசா இருக்கா?” இருந்தது! நமக்குக் கசகசா குருமாவில் போடுகிற சாமான். அங்கே அது போதைச் செடியின் விதை என்ற கணக்கில் தடை செய்யப்பட்ட பொருள். துபாயிலும் அப்படியே. ஆச்சி திரித்து வைத்த பொடி அப்படியே வீட்டில் இருந்துவிட்டது. சூயிங்கம் கொண்டுவரவும் 1992 முதல் தடை உண்டு. விமானத்தில் காது அடைக்கும் என்று பிள்ளைகள் பைக்குள் ஒளித்து வைத்திருந்த பாக்கெட்டுகளை நான்தான் தேடிப் பிடித்து எடுத்தேன்.

கடைசியாக ஆச்சியின் வெற்றிலைச் செல்லம். மெல்லுகிற புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகவே கூடாது. இதை ஆச்சியிடம் யார் சொல்வது? என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பெரியவள்தான் போய்ச் சொன்னாள். ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு செல்லத்தைப் பூஜை அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு ஒரு டப்பா கிராம்பு எடுத்துக்கொண்டார். எட்டு நாளும் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டே ஓட்டினார். (திரும்பி வந்து செருப்பைக் கழற்றியதும் முதலில் தேடியது அந்தச் செல்லத்தைத்தான். அது வேறு கதை.)

விமானத்தில் இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு மடியில்தான் இடம், டிக்கெட்டும் குறைவு. பயணத்தின் நடுவில் இரண்டு வயது முடிந்தால், திரும்பும்போது தனி இருக்கை எடுக்க வேண்டும். பிறந்தநாளைப் பார்த்துத் தேதி வையுங்கள். தொட்டில் வேண்டுமானால் முன்கூட்டியே கேட்க வேண்டும், எல்லா விமானத்திலும் கிடையாது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஐந்தரை மணி நேரம் குழந்தை எங்கள் மூவர் மடியிலும் மாறி மாறி இருந்தாள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பாலோ தண்ணீரோ விழுங்கக் கொடுத்துக்கொண்டிருந்தால் காது வலிக்காது என்பது சரியாகத்தான் இருந்தது. ஆச்சிக்கு அதுதான் முதல் விமானம். கிளம்பியதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டிக் கவசம் சொன்னவர், முடிந்ததும் கண்ணைத் திறந்து, “இதுக்கு நம்ம ரயிலே தேவல. வெளிய ஒண்ணுந் தெரியல” என்றார்.

மெதுவாகப் போனால் போதும்

எங்கள் பெரிய தப்பு முதல் நாளே நடந்தது. என் கணவர் ஒரு தாளில் நாளுக்கு ஐந்து இடம் எழுதி வைத்திருந்தார். காலை எட்டரைக்கு எல்லாரையும் எழுப்பினார். எட்டரை என்பது சிங்கப்பூர்க் கடிகாரத்தில். பிள்ளைகளின் உடம்புக்கு அது முலுண்டின் காலை ஆறு மணி! இரண்டரை மணி நேர வித்தியாசம். நடுவன் செருப்பைக்கூட மாட்டாமல் அழுதான். மத்தியானத்துக்குள் மூன்று பேரும் மூன்று பக்கம் படுத்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு, நாளுக்கு ஒரே ஒரு இடம் என்று வைத்தோம். அதுவும் பத்தரைக்கு மேல் கிளம்புவது.

இந்த இரண்டரை மணி நேரம் ராத்திரியில் நமக்குச் சாதகம். அங்கே ஒன்பது மணி என்றால் நம் பிள்ளைகளுக்கு மாலை ஆறரைதான், தூக்கமே வராது. அதனால் மண்டாயில் 1994இல் தொடங்கிய ‘நைட் சஃபாரி’ என்ற இரவு மிருகக்காட்சிச் சாலை எங்களுக்கு அருமையாகப் பொருந்தியது. உள்ளூர்க் குழந்தைகள் தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருக்க, எங்கள் மூன்றும் கண்ணை அகல விரித்து உட்கார்ந்திருந்தன. பகலில் போகிற மிருகக்காட்சிச் சாலையும் அங்கேயே இருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே கட்டணமில்லை. காத்திப் ரயில் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து பேருந்து உண்டு. ஜூரோங் பறவைப் பூங்கா என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது 2023 ஜனவரியில் மூடப்பட்டுப் பறவைகள் மண்டாய்க்கே வந்துவிட்டன. நாங்கள் பறவைகளைப் பார்க்கவில்லை. பணம் ஒரு காரணம், கால் வலி இன்னொரு காரணம்.

காசில்லாமல் நன்றாக இருந்த இடம் தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதற்குள்ளே ஜேக்கப் பாலாஸ் குழந்தைகள் பூங்கா என்று ஒன்று. அங்கே குழந்தை இல்லாமல் பெரியவர்கள் மட்டும் போனால் உள்ளே விடமாட்டார்கள்! மூன்று பிள்ளைகளோடு போகிறவர்களை ஊரெல்லாம் பரிதாபமாகப் பார்க்கிறது. அங்கே மட்டும் எங்களுக்கு மரியாதை.

தங்குமிடம் பற்றிச் சுருக்கமாக: வீட்டை நாள் வாடகைக்கு எடுத்துச் சமைத்துச் சாப்பிடலாம் என்ற எண்ணம் அங்கே நடக்காது. தனியார் வீடுகளைக்கூட மூன்று மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடுவது சட்ட விரோதம். ஆறு பேரை ஒரே அறையில் விடவும் ஹோட்டல்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. லிட்டில் இந்தியா பக்கம் இரண்டு சிறிய அறை எடுத்தோம். குழந்தைக்கு நான் சத்துமாவும் சின்ன ரைஸ் குக்கரும் கொண்டுபோயிருந்தேன். மற்றவர்களுக்குத் தேக்கா சந்தையிலேயே இட்லியும் தோசையும் இருந்தன.

போக்குவரத்துக்கு ரயிலும் பேருந்துமே போதும். தள்ளுவண்டியை மடக்காமல் அப்படியே ஏற்றலாம். நம் லோக்கலில் அதை நினைத்துப் பாருங்கள்! கைபேசியில் கூப்பிடுகிற வாடகைக் காரில் உயரம் குறைந்த பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். டாக்சிக்கு அந்த விதி இல்லை. ரயிலுக்குள் தின்னவோ குடிக்கவோ கூடாது, அபராதம் 500 வெள்ளிவரை. குழந்தைக்கு முறுக்கு ஒடித்துக் கொடுத்த ஆச்சியின் கையை என் கணவர் எட்டிப் பிடித்த வேகத்தைப் பார்த்து எதிரில் இருந்த சீனப் பாட்டி சிரித்துவிட்டார்.

ஆச்சியின் ஊர்

இரண்டாம் நாள் மாலை சிராங்கூன் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். வீரமாகாளியம்மன் கோவிலைத் தாண்டி ஒரு கடையில் உட்கார்ந்தபோது, பரிமாறியவர் ஆச்சியிடம், “பசியாறுறீங்களாம்மா?” என்று கேட்டார். சிங்கப்பூர், மலேசியாத் தமிழர்கள் டிபன் சாப்பிடுவதை அப்படித்தான் சொல்கிறார்கள். ஆச்சி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “எங்க அம்மை இப்படித்தான் கேப்பா” என்றார். அந்த மனிதரிடம் அவருடைய பூர்வீகம் எது, எத்தனை பிள்ளைகள், அரிசி என்ன விலை என்று ஒரு கால் மணி நேரம் விசாரணை. எங்கள் தோசை ஆறிப்போயிற்று.

மறுநாள் காலை நாங்கள் எழுந்தபோது ஆச்சியைக் காணோம். என் கணவர் செருப்பைக்கூட மாட்டாமல் கீழே ஓடினார். பத்து நிமிஷத்தில் ஆச்சி வருகிறார், ஒரு கையில் மல்லிகைச் சரம், ஒரு கையில் தேக்கா சந்தையில் வாங்கின வாழைப்பழம். தனியாகப் போய், பேரம் பேசி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வந்திருக்கிறார். “ரெண்டு வெள்ளி குறைச்சுக்கிட்டான்” என்றார். பதினான்கு வருஷமாக முலுண்டில் இந்தப் பெண்மணியை நான் தனியாகக் கடைக்கு அனுப்பியதில்லை.

நடுவன் அந்தச் சில்லறையை வாங்கிப் பார்த்தான். சிங்கப்பூர் நாணயத்தில் ஊரின் பெயர் நான்கு மொழியிலும் இருக்கிறது. 1965இல் தனி நாடானபோதே மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கையும் ஆட்சிமொழியாக வைத்துக்கொண்ட நாடு அது. “ஆச்சி, இது உங்க லெட்டர்தானே?” என்று கேட்டான். உங்க லெட்டர்! எனக்கு என்னவோ போலிருந்தது. என் கணவர் பர்சிலிருந்து நம்முடைய நூறு ரூபாய்த் தாளை எடுத்து, பின்பக்கத்தில் வரிசையாக இருக்கும் மொழிகளில் தமிழ் எங்கே என்று காட்டினார். பையன் இத்தனை நாள் கையில் வாங்கிக் கடைக்குக் கொண்டுபோன தாள்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

ஐந்தாம் நாள் நடந்ததைச் சொல்ல இன்னும் கை நடுங்குகிறது. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஹார்பர்ஃபிரண்ட் போகிற ரயிலுக்கு நின்றிருந்தோம். கைக்கணக்குப்படி குழந்தை என்னிடம், தள்ளுவண்டியும் பெரியவளும் என் கணவரிடம், நடுவன் ஆச்சியிடம். ரயில் வந்தது. முலுண்டுப் பழக்கம், கதவு திறந்ததும் ஆச்சியும் பையனும் பாய்ந்து ஏறிவிட்டார்கள். தள்ளுவண்டியின் சக்கரம் கோணிக்கொண்டது. நான் நின்றேன். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஆச்சியின் முகமும் அவர் இடுப்புக்கருகில் பையனின் முகமும் நகர்ந்து போயின. ஆச்சியிடம் போன் இல்லை, பாஸ்போர்ட் இல்லை. ஹோட்டல் பெயர் சொல்லத் தெரியாது.

பெரியவள்தான் சொன்னாள்: “அம்மா, அடுத்த ஸ்டேஷன்.” லோக்கல் ரயிலில் போகிற எல்லா வீட்டிலும் சொல்லி வைக்கிற பாடம்தான் அது. யார் தவறவிட்டாலும் ஏறியவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், நகரக் கூடாது. பெரியவளுக்கு நான்கு வயதில் சொல்லிக் கொடுத்தது. நடுவனுக்கும் சொல்லியிருந்தேன். ஆச்சிக்குச் சொன்னேனா என்று நினைவே வரவில்லை. அடுத்த ரயில் வர ஆன அந்தச் சில நிமிஷங்களில் நான் எந்தச் சாமியையும் விடவில்லை.

அடுத்த நிலையத்தின் பெயர் டோபி காட். நம் மகாலக்ஷ்மியில் இருக்கிறதே, அதே பெயர்தான். அங்கேயும் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து போன வண்ணார்கள் துணி வெளுத்த இடம். மூன்று ரயில் பாதைகள் சந்திக்கிற பெரிய நிலையம் வேறு. கதவு திறந்ததும் நேர் எதிரே ஆச்சி நிற்கிறார்! ஒரு கையில் பையனின் மணிக்கட்டு, இன்னொரு கையில் யாரோ ஒரு பெண்ணின் கை. அலுவலகத்துக்குப் போகிற உடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு தமிழ்ப் பெண்.

நடந்தது இது. ரயில் நகர்ந்ததும் பையன் “அடுத்த ஸ்டேஷன்ல உதர்ணும் ஆச்சி” என்று பாதித் தமிழும் பாதி இந்தியுமாகச் சொல்லியிருக்கிறான். ஆச்சி பெட்டிக்குள் எல்லாருக்கும் கேட்கும்படி, “தமிழ் தெரிஞ்சவுக யாராச்சும் இருக்கியளா?” என்று கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பெண் எழுந்து வந்து, கூடவே இறங்கி, நாங்கள் வரும்வரை நின்றிருக்கிறார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எங்களிடம் நன்றிகூடச் சரியாக வாங்கிக்கொள்ளாமல் அடுத்த ரயிலில் ஏறிப் போய்விட்டார். பெயரைக் கேட்க விட்டுப்போயிற்று. என் கணவருக்குக் கேட்டிருக்க வேண்டும் என்று இன்னும் குறை.

பையன் அழவில்லை. எனக்குத்தான் கால் நிற்கவில்லை. “பயந்துட்டியாடா?” என்று கேட்டேன். “ஆச்சி பேசிட்டாங்க” என்றான்.

அதற்குப் பிறகு மூன்று நாளும், வழி கேட்பது, விலை கேட்பது, கழிப்பறை எங்கே என்று கேட்பது எல்லாம் ஆச்சியின் இலாகா. எல்லாருக்கும் அங்கே தமிழ் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். சீனக் கடைக்காரரிடமும் ஆச்சி தமிழில்தான் ஆரம்பிப்பார், பெரியவள் ஆங்கிலத்தில் முடிப்பாள். இந்திய மரபுடைமை நிலையத்துக்கும் போனோம், காம்பெல் லேனில் 2015இல் திறந்தது. குழந்தை தூங்கிவிட்டதால் பாதிதான் பார்த்தோம்.

திரும்பி வந்த ராத்திரி, சஹார் விமான நிலையத்திலிருந்து ஜோகேஸ்வரி–விக்ரோலி லிங்க் ரோடு வழியாக முலுண்ட் வரும்போது மூன்று பிள்ளைகளும் தூங்கிவிட்டார்கள். டாக்சிக்காரர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று இந்தியில் கேட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த ஆச்சி என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

ஊருக்கு வந்து ஒரு மாதம், ஆச்சியின் “கித்னா”வை யாரும் நடித்துக் காட்டவில்லை. பிறகு பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள், பிள்ளைகள்தானே. ஆனால் நடுவன் அந்த நாணயத்தைத் திருப்பித் தரவில்லை. ஆச்சி சாயங்காலம் அரிசி புடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, சி, ங், க, ப், பூ, ர் என்று முறத்து அரிசியில் விரலால் எழுதுகிறான். ‘பூ’வுக்குச் சுழி எந்தப் பக்கம் என்று தினமும் தகராறு.

பந்தியில் கேட்ட மாமிக்கு: கடைக்குட்டிக்கு 2025 அக்டோபரோடு இரண்டு வயது முடிந்துவிட்டது. இனி அவளுக்கும் தனி டிக்கெட். அதனால் இப்போதைக்கு விமானம் இல்லை. அடுத்த கொடைக்கு ஊருக்குத்தான். ரயிலில் அறுபது நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கும். எந்தத் தேதி என்று காலண்டரில் ஆச்சி ஏற்கெனவே வட்டம் போட்டுவிட்டார்.